கிளிமீனுக்கு எத்தனை முகம்? மன்னார் வளைகுடாவின் வண்ண மீன்களை இனம்காணும் வழிகள்

முக்கூடலைக் கடந்து போகிற தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. அந்தக் கழிமுகத்துக்கு வடக்கே தூத்துக்குடியின் வான்தீவும் காசுவார் தீவும் காரைச்சல்லியும் பவளப்பாறைகளோடு கிடக்கின்றன. தெற்கே திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று மணலும் பாறையும் மாறி மாறி வரும் கரை. கடல் வற்றிய நேரத்தில் பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரிலும், கூடு வைத்து மீன் எடுப்பவரின் வள்ளத்திலும், ஏலக்கூடத்தில் ஓரமாக ஒதுக்கிய கூடையிலும் அந்த மீன் தென்படும். உடம்பு பச்சை. முகத்தில் இளஞ்சிவப்புப் பட்டைகள். துடுப்பில் நீலம். பார்த்தவர் எவரும் கேட்காமல் போவதில்லை: இது என்ன மீன்?

கிளிமீன் என்று பதில் வரும். குழம்புக்கு அந்தப் பதில் போதும். ஆனால் பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் வாழும் பச்சை நிற மீன்கள் பலவற்றுக்கும் நம் கரையில் அதே பெயர்தான். பவளத்தைச் சுரண்டும் அலகு கொண்ட அலகுமீன்களும், நண்டும் நத்தையும் தேடித் தின்னும் தடித்த உதட்டு மீன்களும் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. கேரளத்தில் கிளிமீன் என்று கேட்டால் நாம் சங்கரா என்று வாங்குகிற வேறொரு மீனைக் கொடுப்பார்கள். இந்தக் கட்டுரை பேசுவது தடித்த உதட்டுக் கூட்டத்தைப் பற்றி. லேப்ரிடே என்பது அதன் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் ராஸ் என்பார்கள். உலகக் கடல்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் இது. விரல் நீளத்தில் முடிந்துவிடுகிற மீனும் இதில் உண்டு. லட்சத்தீவுக் கடலில் திரிகிற, ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் வரை வளரும் நெப்போலியன் மீனும் உண்டு.

மன்னார் வளைகுடாவின் மீன்களைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த பட்டியலில் 1,180-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அத்தனை பெரிய கூட்டத்தில் கிளிமீன்களை இனம்பிரிப்பதுதான் கண்ணுக்கு எளிது என்று தோன்றும். இவ்வளவு நிறம் இருக்கிறதே! ஆனால் நெத்திலியும் காரலும் தராத தொல்லையைக் கிளிமீன் தருகிறது. தொல்லைக்குக் காரணமே அந்த நிறம்தான். நிறத்தில் தொடங்கி இனத்துக்குப் போனால் பெரும்பாலும் தவறான வாசலில் போய் நிற்போம். முள்ளையும் பல்லையும் பக்கக்கோட்டையும் பார்த்துவிட்டு, கடைசியில் நிறத்துக்கு வருவதுதான் சரியான வரிசை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது? ஒரே கிளிமீன் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று கோலங்களில் திரிகிறது. குஞ்சுக்கு ஒரு கோலம். வளர்ந்து இனப்பெருக்கம் தொடங்கும் மீனுக்கு இன்னொன்று. இதை முதல் பருவக் கோலம் என்பார்கள். கூட்டத்தில் மூத்து, பெரும்பாலும் ஒரு பரப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டு காவல் காக்கும் ஆணுக்கு மூன்றாவது. இது முடிவுப் பருவக் கோலம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இனமென்று கண் ஒப்புக்கொள்ளாது. ஹெமிஜிம்னஸ் மெலாப்டெரஸ் என்ற மீனின் குஞ்சு முன்பாதி வெள்ளையும் பின்பாதி கறுப்புமாக, நடுவில் சாய்வாகக் கோடிட்டுப் பிரித்ததுபோல இருக்கும், வால் மஞ்சள். வளர்ந்த பிறகு அது கரும்பச்சையில் தடித்த உதட்டோடு திரிகிற பெரிய மீன். கோரிஸ் பேரினத்துக் குஞ்சுகள் செம்மஞ்சள் உடம்பில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். தாய் தந்தையின் சாயல் துளியும் தெரியாது.

இதற்கு அடியில் இருப்பது இந்தக் குடும்பத்தின் வியப்பான இயல்பு: பெண் ஆணாக மாறும். மாற்றத்தைத் தூண்டுவது வயது மட்டுமில்லை, கூட்டத்தின் நிலவரமும்தான். மற்ற மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் லாப்ராய்டஸ் டிமிடியேட்டஸ் என்ற சிறு கிளிமீனைப் பற்றி டி. ஆர். ராபர்ட்சன் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் ஓர் ஆணும் அதன் கீழ் வரிசையாகச் சில பெண்களும் கொண்ட கூட்டங்களை அவர் கவனித்தார். ஆண் இல்லாமல் போனதும், பெண்களில் முதலிடத்தில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்குள் ஆண்போல நடந்துகொள்ளத் தொடங்கியது. இரண்டு மூன்று வாரத்துக்குள் விந்தும் உற்பத்தி செய்தது. உடம்புக்குள் மாற்றம் நடக்கும்போது பல இனங்களில் வெளித்தோற்றமும் மாறுகிறது. மாறிக்கொண்டிருக்கிற அந்த இடைநாட்களில் பிடிபடும் மீன் எந்தப் படத்தோடும் பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் பருவக் கோலத்தில் இருப்பதெல்லாம் பெண் என்று எழுதிவிட முடியாது. தலாசோமா போன்ற பேரினங்களில் பிறப்பிலேயே ஆணாக இருந்தும் பெண்களின் நிறத்திலேயே கூட்டத்துக்குள் கலந்து திரியும் மீன்கள் உண்டு. ஆகவே குறிப்பேட்டில் ஆண், பெண் என்று எழுதுவதைவிட எந்தப் பருவக் கோலம் என்று எழுதுவதே நேர்மையானது. மீனை அறுத்துப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பழைய அறிஞர்கள் இந்த வலையில் திரும்பத் திரும்ப விழுந்ததற்கு நியாயம் இருக்கிறது. அவர்களில் பலர் உயிரோடு நீந்தும் மீனைப் பார்த்ததே இல்லை. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த மார்க்குஸ் ப்ளாக்கிற்குக் கப்பலில் அனுப்பி வைத்தார். ஜானின் பெயரைத்தான் ப்ளாக் ஜானியஸ் என்ற பேரினத்துக்குச் சூட்டினார். ப்ளாக் 1799-இல் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில் தரங்கம்பாடியிலிருந்து போன ஒரு கிளிமீனும் விவரிக்கப்பட்டது. இன்று அதை ஹாலிகோயரெஸ் நைக்ரெசென்ஸ் என்கிறோம். நம் கரையின் மீன் நம் கரையிலிருந்தே உலகப் பெயர் பெற்றிருக்கிறது. அதை இங்கே யாரும் சொல்வதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. பிற்காலத்தில் இதே மீன் டுஸ்ஸுமியெரி என்ற பெயரிலும் பல பட்டியல்களில் ஏறியது. இரண்டு பெயரையும் இரண்டு மீனாக எண்ணிக்கொண்டால் பட்டியல் நீளும். கடலில் மீன் கூடாது.

இலங்கைக் கரையில் ஜே. டபிள்யூ. பென்னட் கைக்குக் கிடைத்த மீன்களைப் பார்த்து வண்ணப் படங்களோடு 1830 வாக்கில் ஒரு நூல் கொண்டுவந்தார். ஆறு கரும்பட்டை கொண்ட தலாசோமா ஹார்ட்விக்கியும், ராணிபோல் பகட்டான கோரிஸ் ஃபார்மோசாவும் அதில்தான் முதன்முதல் பெயர் பெற்றன. அந்த வகையில் அவர் மற்றவர்களைவிடக் கொடுத்து வைத்தவர். பெர்லினுக்கும் பாரிசுக்கும் சாராயத்தில் ஊறிப் போய்ச் சேர்ந்த மீன்களில் எஞ்சியது பழுப்பும் சில கறைகளும் மட்டுமே. சாராயத்தில் முதலில் போவது பச்சையும் சிவப்பும்தான். நீண்ட மூக்குக் கொண்ட கோம்போசஸ் கதை இன்னும் சுவையானது: பசிபிக் கடலின் பழுப்பு மீனை வேரியஸ் என்றும், பச்சை மீனை ட்ரைகலர் என்றும் தனித்தனி இனமாக நெடுங்காலம் எழுதினார்கள். இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு பருவம் என்று பிறகு தெரிந்தது. பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலிலும் இத்தகைய பெயர்க் குழப்பங்கள் உண்டு. ஆனால் அவர் முட்களையும் செதில்களையும் எண்ணி எழுதி வைத்தார். பெயர் மாறிய பிறகும் அந்த எண்ணிக்கை இன்றுவரை உதவுகிறது.

குடும்ப எல்லையே தீராத வழக்குதான். பாரன்டியும் ராண்டலும் 2000-இல் தொகுத்த உலகப் பட்டியல் கிளிமீன்களையும் அலகுமீன்களையும் இரு குடும்பமாகப் பிரித்தே வைத்தது. மரபணுவை ஒப்பிட்டு வெஸ்ட்னீட்டும் அல்ஃபாரோவும் 2005-இல் செய்த ஆய்வு, அலகுமீன்கள் கிளிமீன் மரத்துக்குள்ளேயே ஒரு கிளை என்று காட்டியது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவந்த நம் மீனவர் அந்த அளவில் சரியாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

ஆற்றங்கரைக்காரர்களான நமக்கு இந்தச் சிக்கல் முற்றிலும் புதியதில்லை. தாமிரபரணியில் மட்டுமே வாழ்கிற ஒரு கெண்டை வகை உண்டு. 1954-இல் இ. ஜி. சைலாஸ் அதற்கு இந்த ஆற்றின் பெயரையே வைத்தார். வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் இழை இழையாக நீளும். பெண்ணுக்கு அப்படி இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர் இரண்டு மீன் என்றே நினைக்கக்கூடும். அதே சைலாஸ் பின்னாளில், மண்டபத்தில் நெடுங்காலம் தலைமையகம் கொண்டிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். ஆற்று மீனில் தொடங்கிய பார்வை கடலுக்கும் போயிருக்கிறது.

சரி, மீன் கண்முன் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

உயிரோடு நீந்துகிறது என்றால் முதலில் அதன் நடையைப் பார்க்க வேண்டும். கிளிமீன் வாலை ஆட்டி நீந்துவது அரிது. இரண்டு மார்புத் துடுப்புகளையும் துடுப்புப் போடுவதுபோல மேலும் கீழும் அடித்துப் போகும். துரத்தும்போதும் தப்பும்போதும் மட்டுமே வால் வேலை செய்யும். இந்த ஓர் அடையாளத்தை வைத்தே பாரில் திரிகிற பெரும்பாலான மற்ற மீன்களை ஒதுக்கிவிடலாம். அலகுமீன்களும் இப்படித்தான் நீந்தும் என்பதால் அடுத்து வாயைப் பார்க்க வேண்டும். பற்கள் ஒன்றாக ஒட்டிக் கிளியின் அலகுபோல ஆகியிருந்தால் அது அலகுமீன். தனித்தனிப் பற்களாக இருந்து, முன்பற்கள் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு, உதடு தடித்திருந்தால் நாம் தேடுகிற மீன்.

பிறகு முதுகுத் துடுப்பு. இது தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை இடைவெளி விடாமல் ஒரே நீளமாக ஓடும். முன்பகுதியில் முட்கள், பின்பகுதியில் மென்கதிர்கள். துடுப்பை மெதுவாக விரித்து முட்களை எண்ண வேண்டும். எட்டு முள் என்றால் தலாசோமா அல்லது நீண்ட மூக்குக் கோம்போசஸ். ஒன்பது என்றால் ஹாலிகோயரெஸ், ஸ்டெதோஜூலிஸ், கோரிஸ் என்று வாசல் விரியும். ஒரே ஒரு முள் வித்தியாசம். ஆனால் நம் கரையில் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படுகிற இரண்டு பச்சைக் கிளிமீன் கூட்டங்களை அந்த ஒரு முள் பிரித்துவிடுகிறது. வாயின் மூலையில், மேல்தாடையின் கடைக்கோடியில், முன்னோக்கி வளைந்த ஒரு கோரைப்பல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஹாலிகோயரெஸ்களுக்குப் பொதுவாக அது உண்டு, தலாசோமாவுக்கு இல்லை. ஸ்டெதோஜூலிஸின் பற்கள் உளிபோல வரிசையாக இருக்கும்.

அடுத்தது பக்கக்கோடு. செவுளுக்குப் பின்னாலிருந்து உடம்பின் பக்கவாட்டில் ஓடும் துளைச் செதில்களின் வரிசை அது. ஹாலிகோயரெஸிலும் தலாசோமாவிலும் முதுகை ஒட்டியே வந்து, மென்கதிர்ப் பகுதியின் கீழே திடீரென்று இறங்கி, வால் வரைக்கும் அறுபடாமல் போகும். கைலினஸ் பேரினத்தில் அது நடுவில் அறுந்து, கீழே இன்னொரு வரிசையாகத் தொடங்கும். கன்னத்தில் பெரிய பெரிய செதில்களும் இருக்கும். செதில்களின் எண்ணிக்கையும் பேசும். ஹாலிகோயரெஸில் பக்கக்கோட்டுச் செதில்கள் ஏறத்தாழ 27. கோரிஸில் ஐம்பதுக்கும் மேல். கண்ணுக்கே தெரியும் வேறுபாடு இது: ஒன்றின் மேனி பெரிய செதிலாக அடுக்கியிருக்கும், மற்றது வழவழவென்று இருக்கும். ஈரத் துணியால் துடைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணுவது கடினமில்லை. பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு நிறத்துக்கு வரலாம். இப்போது நிறம் ஏமாற்றாது. ஒரு பேரினத்துக்குள் இனத்தைப் பிரிக்க அதைவிட நல்ல துணை கிடையாது.

நம் பார்களில் அதிகம் கண்ணில் படுவது தலாசோமா லுனாரே. 1758-லேயே லின்னேயஸ் பெயரிட்ட மீன். பச்சை மேனியில் செதிலுக்குச் செதில் செங்கோடு, தலையில் ஒழுங்கற்ற இளஞ்சிவப்புப் பட்டைகள், மார்புத் துடுப்பில் ஊதாத் திட்டு. வளர்ந்த மீனின் வால் பிறையாகக் குழிந்து நடுவில் மஞ்சளாக இருக்கும். பிறைவால் கிளிமீன் என்று அழைக்கலாம். மூத்த ஆணில் பச்சை நீலமாகிவிடும். குஞ்சிடம் பிறைவால் இருக்காது. பதிலுக்கு முதுகுத் துடுப்பின் நடுவில் ஒரு கரும்புள்ளியும் வாலடியில் கறுப்புத் திட்டும் இருக்கும். இந்தக் குஞ்சைத்தான் பலரும் ஹாலிகோயரெஸ் என்று எழுதிவிடுகிறார்கள். எட்டு முள்ளை எண்ணியவர் அப்படி எழுதமாட்டார்.

ஹாலிகோயரெஸ் கூட்டம் பெரியது, பொறுமையைச் சோதிப்பது. தரங்கம்பாடி வழியாகப் பெயர் பெற்ற நைக்ரெசென்ஸ் கையளவே வளரும். பாசி படிந்த பாறைக்கரையில் திரியும். முகத்தில் இளஞ்சிவப்புப் பட்டையும் மார்புத் துடுப்பின் அடியில் சிறு கரும்புள்ளியும் உண்டு. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தோற்றம் இதற்கும் பொருந்தும், பிறைவாலுக்கும் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹார்டுலானஸ் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாக இருக்கும். முதுகில் மஞ்சள் புள்ளி. இலங்கையிலிருந்து 1833-இல் பெயர் பெற்ற சைலோனிகஸின் உடம்பு நெடுக ஒரு பொன்னிறக் கோடு. ஸ்டெதோஜூலிஸ்கள் முதல் பருவத்தில் மங்கிய சாம்பலில் பொடிப்புள்ளிகளோடும், முடிவுப் பருவத்தில் நீலக்கோடுகளோடும் திரியும்.

தனியாகச் சொல்ல வேண்டியது சுத்தம் செய்யும் லாப்ராய்டஸைப் பற்றி. நீலமும் வெள்ளையுமான மேனியில் மூக்கிலிருந்து வால்வரை அகலமாகிக்கொண்டே போகும் ஒரு கறுப்புப் பட்டை. இதைப் போலவே வேடமிட்டு, இதைப் போலவே ஆடி ஆடி நீந்தி, நம்பி வந்த மீனின் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும் ஒரு போலியும் உண்டு: ஆஸ்பிடோன்டஸ் டேனியேட்டஸ். அது கிளிமீனே இல்லை, வேறு குடும்பம். நிறத்தை மட்டும் பார்த்தால் பெரிய மீனே ஏமாறுகிறது. மனிதக் கண் எம்மாத்திரம்! வாயைப் பார்த்தால் ஏமாற வேண்டாம். உண்மையானதற்கு வாய் மூக்கின் நுனியில் இருக்கும். போலிக்கு மூக்கின் கீழே, உள்வாங்கியிருக்கும்.

படம், மாதிரி, மரபணு என்ற மூன்று வழிகளில் எது நம்பகமானது? ஒவ்வொன்றும் மற்றதன் குறையை நிரப்புகிறது என்பதே என் முடிவு. நிறம் மீனோடு சாகிறது. ஆகவே உயிரோடு, அல்லது பிடித்த சில நிமிடங்களுக்குள், வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கடல்நீர் ஊற்றி, இடப்பக்கம் தெரியும்படி கிடத்தி, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படமே நிறத்துக்குச் சாட்சி. முள்ளும் பல்லும் எண்ண மாதிரி வேண்டும். மரபணுவைப் படித்துப் பெயர் சொல்லும் பட்டைக்குறி முறை, குஞ்சும் தாயும் ஒரே இனம் என்பதை ஐயமில்லாமல் காட்டவல்லது. ஆனால் ஒப்பிடுவதற்கான களஞ்சியத்தில் யாரோ ஒருவர் தவறான பெயரோடு மாதிரியைச் சேர்த்திருந்தால், அந்தத் தவறே திரும்பி வரும். கைபேசிச் செயலிகளுக்கும் இதே குறை. பிற கடல்களின் படங்களில் பழகிய அவை, நம் கலங்கிய கரையின் முதல் பருவக் கோலங்களில் தடுமாறுகின்றன. சட்டையை வைத்து ஆளை அடையாளம் சொல்வதுபோல அவையும் நிறத்தை வைத்தே பெரும்பாலும் சொல்கின்றன.

நான்காவதாக ஒரு வழி உண்டு. ஆய்வுக் கட்டுரைகள் அதற்கு உரிய இடம் கொடுப்பதில்லை. மண்டபம், கீழக்கரை பக்கத்தில் உடைமரக் குச்சிகளைப் பிளந்து பின்னிய கூடுகளைப் பாரில் இறக்கி மீன் பிடிப்பவர்களுக்கும், தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்கும் இந்த மீன்களை உயிரோடு, அதனதன் இடத்தில் பார்த்த பழக்கம் உண்டு. எந்த நிறத்து மீன் எந்த நிறத்து மீனோடு கூடித் திரிகிறது, எது ஒரு கல்லைவிட்டு அகலாது, வெயில் சாய்ந்ததும் எது மணலுக்குள் புதைந்துகொள்கிறது என்பது அவர்கள் கண்ணால் கண்டது. ஹாலிகோயரெஸ்களும் கோரிஸ்களும் இரவில் மணலுக்குள் உறங்கும். தலாசோமா பாறைப் பொந்தில் உறங்கும். உறங்குமிடமே ஓர் இனம்காணும் குறி.

பெயர் சரியாக இருந்தால் என்ன, தவறாக இருந்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. 1986-இல் 21 தீவுகளோடு கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பரப்பில் 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. அதன்பின் எந்த மீன் குறைந்தது, எது தாக்குப்பிடித்தது என்று கேட்டால், கிளிமீன் என்று மட்டும் எழுதிய பதிவு எதையும் சொல்லாது. பிறைவால் எதையும் தின்று, பவளம் செத்த பாரிலும் பிழைக்கவல்லது. லாப்ரிக்திஸ் போன்ற கிளிமீன்கள் உயிருள்ள பவளத்தையே நம்பி வாழ்பவை. அலகுமீன் பாசியைச் சுரண்டிப் புதுப் பவளம் ஒட்ட இடம் செய்வது. தடித்த உதட்டுக்காரர்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. மூன்றையும் ஒரே கட்டத்தில் எண்ணினால் ஒன்று அழிந்து மற்றது பெருகியதுகூட எண்ணிக்கையில் தெரியாமல் போய்விடும்.

ஆகவே நம் கரைக்கென்று தமிழில் ஒரு கையேடு வேண்டும். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் பவளப்பார்களிலேயே வேலை செய்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உள்ளன. அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கிளிமீனுக்கும் குஞ்சு, முதல் பருவம், முடிவுப் பருவம் என்று மூன்று படமும், முள் எண்ணிக்கையும், பக்கக்கோட்டின் வரைபடமும், உவரியிலும் கீழக்கரையிலும் வழங்கும் பெயர்களும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். தேசியப் பூங்கா எல்லைக்குள் மீனைப் பிடிக்கக் கூடாது; ஆனால் எல்லைக்கு வெளியே நாள்தோறும் கரைக்கு வரும் கூடைகளே அதற்குப் போதும். இடம், ஆழம், அடியில் மணலா பாறையா, எந்தப் பருவக் கோலம், முதுகில் எத்தனை முள் என்ற ஐந்தையும் இடப்பக்கப் படத்தோடு எழுதித் தருகிற எவருடைய பதிவையும், அவர் புன்னைக்காயல்காரராக இருந்தாலும் முக்கூடலிலிருந்து போன பள்ளி மாணவராக இருந்தாலும், அந்த நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளலாம்.